சின்ன நோட்ஸ் ஆப்ல எதுக்குக் காசு வாங்கலாம், எதுக்கு வாங்கவே கூடாது?

#1 ஒத்தையாள்

வணக்கம் மக்களே. தனி ஆளா ஒரு நோட்ஸ் ஆப் பண்ணி மூணு வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். பெரிய சமாச்சாரம் ஒண்ணும் இல்ல, குறிப்பு எழுதலாம், செக்லிஸ்ட் போடலாம், ரிமைண்டர் வைக்கலாம், ஃபோல்டர் போட்டுப் பிரிச்சு வைக்கலாம், அவ்ளோதான். லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது, எல்லாம் ஃபோனுக்குள்ளயே இருக்கும். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ரெண்டுலயும் இருக்கு. இதுவரைக்கும் முழுசா இலவசம்.

இப்ப என்னன்னா, வாரத்துக்கு ரெண்டு மூணு மெயிலாவது வருது, "சிங்க் எப்ப வரும்"னு, அதாவது ஒரு ஃபோன்ல எழுதினது இன்னொரு டிவைஸ்லயும் தானா வரணும்னு. ஃபோன் மாத்தினேன் நோட்ஸ் எல்லாம் போச்சுன்னு சிலர் அழுதே எழுதுறாங்க, படிக்கவே சங்கடமா இருக்கு. சிங்க்னா சர்வர், சர்வர்னா மாசாமாசம் பில். ஆபீஸ் வேலை முடிச்சு ராத்திரி உக்காந்துதான் இதைப் பண்றேன், "இத்தனை நாள் பண்றியே, இதுல ஏதாவது வருதா"ன்னு வீட்ல கேட்டா திருதிருன்னு முழிக்கிறேன்.

அதனால அடுத்த வெர்ஷன்ல காசு வாங்கலாம்னு இருக்கேன். ப்ளான் இதுதான்: இலவசத்துல 3 ஃபோல்டர் மட்டும், அதுக்கு மேல போனா காசு. டார்க் மோட், திரும்பத் திரும்ப வர்ற ரிமைண்டர், பின் லாக், பிடிஎஃப் எக்ஸ்போர்ட், புதுசா வரப்போற சிங்க், இது எல்லாம் காசுக்கு. மாசச் சந்தா. திட்டுறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க, ரிலீஸ் பண்ணப்புறம் ஒரு ஸ்டார் போட்டுத் திட்டாதீங்க.

#2 பேனாமூடி

ஒரே ஒரு கேள்வி. அந்த லிஸ்ட்ல சிங்கைத் தவிர மீதி எல்லாம் இன்னிக்கு இலவசமாத்தானே இருக்கு?

#3 ஒத்தையாள்

ஆமா.

#4 பேனாமூடி

அப்ப நீங்க புதுசா எதையும் விக்கல தல, கொடுத்ததைப் பிடுங்கி அதையே விக்கிறீங்க. கோவமா சொல்லல, பட்டவன் சொல்றேன்.

ஒரு ஆப், பேர் வேண்டாம். ஏழு வருஷம் வச்சிருந்தேன். அதுல எங்கப்பாவோட ப்ரெஷர் ரீடிங் எல்லாம் ஒரே நோட்ல தேதி போட்டு எழுதிட்டே வந்தேன், காலைல எவ்ளோ, ராத்திரி எவ்ளோ, எந்த மாத்திரையை எப்ப மாத்தினாங்கன்னு. ஒரு நாள் டாக்டர் ரூமுக்கு வெளிய உக்காந்துட்டு ஆப்பைத் திறக்கிறேன், முந்தின ராத்திரி அப்டேட் ஆகியிருக்கு போல, ஸ்க்ரீன் முழுக்க ஒரு அட்டை வந்து நிக்குது. மூடுறதுக்கு எக்ஸ் எங்கன்னு தேடினா அது அஞ்சு செகண்ட் கழிச்சுத்தான் மூலைல மெதுவா முளைக்குது. அதை மூடினா நோட் மேல பூட்டு படம். இலவச அளவைத் தாண்டிட்டேனாம். சரி எக்ஸ்போர்ட் பண்ணிக்கிட்டுப் போயிடலாம்னா எக்ஸ்போர்ட்டும் காசுக்கு.

கட்டினேன். ஒரு மாசத்துக்குக் கட்டி எல்லாத்தையும் எடுத்தேன், "பெயரற்றது 1", "பெயரற்றது 2"ன்னு ஒரு குவியலா வந்துச்சு, போட்டோ ஒண்ணு கூட இல்ல. அன்னிக்கே சந்தாவை நிறுத்திட்டேன். காசு பெரிய விஷயமே இல்ல, சொல்லப்போனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி மரியாதையா கேட்டிருந்தா சந்தோஷமா கட்டியிருப்பேன். எங்கப்பா ப்ரெஷரை எனக்கே வித்தாங்க பாருங்க, அதுதான் இன்னும் ஆறல.

எக்ஸ்போர்ட்டை மட்டும் தொடாதீங்க. மத்தது அப்புறம் பேசிக்கலாம்.

#5 பில்லிங்_பூதம்

மேல சொன்னதுக்குப் பெரிய உதாரணம் எவர்நோட்ங்கிற நோட்ஸ் ஆப். 2016ல இலவசக் கணக்குக்கு ரெண்டு டிவைஸ் மட்டும்தான்னு சொன்னாங்க, அப்பவே ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு. பெண்டிங் ஸ்பூன்ஸ்ங்கிற கம்பெனி அதை வாங்கினப்புறம் 2023 கடைசில இலவசம்னா 50 நோட், 1 நோட்புக்னு ஆக்கினாங்க. கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதைதான். ஆனா அங்க கூட ஒண்ணு கவனிங்க, 50க்கு மேல ஏற்கனவே வச்சிருந்தவங்க பழைய நோட்டைப் பாக்கலாம், திருத்தலாம், எக்ஸ்போர்ட் பண்ணலாம், புதுசாத்தான் போட முடியாது. அவ்ளோ கறாரா போனவங்களே அந்த ஒரு கதவைத் திறந்து வச்சாங்க.

இன்னொண்ணு நோட்டபிலிட்டிங்கிற நோட்ஸ் ஆப். 2021 நவம்பர்ல ஒரு தடவை காசு கட்டி வாங்குற ஆப்பைச் சந்தாவா மாத்தினாங்க, ஏற்கனவே வாங்கினவங்களுக்கு ஒரு வருஷம்தான் பழைய வசதின்னாங்க. ஜனங்க விடல. சில நாள்லயே பின்வாங்கி, வாங்கினவங்களுக்கு வாங்கினது அப்படியே இருக்கும்னு அறிவிச்சாங்க. ஆப்பிளோட ரூல்லயே இருக்கு, ஏற்கனவே இருக்கிற ஆப்பைச் சந்தாவுக்கு மாத்தினா, பழைய ஆளுங்க காசு கொடுத்து வாங்கின முக்கிய வசதியைப் பிடுங்கக் கூடாதுன்னு. உங்களது இலவச ஆப், அதனால ரூல்படி நீங்க தப்பிச்சுக்கலாம். ஆனா ரிவ்யூ எழுதுறவன் ரூல் புக்கைப் படிச்சுட்டு எழுத மாட்டான்.

#6 ட்ரெண்டுபாண்டி

ப்ரோ ஏஐ சம்மரி போடுங்க, இப்ப எல்லாரும் அதுக்குத்தான் காசு கட்டுறாங்க

#7 பேனாமூடி

பால், முட்டை, சோப்பு. இதுக்கு என்னய்யா சம்மரி.

#8 பில்லிங்_பூதம்

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், தனி ஆளுக்கு அது குருவி தலைல பனங்காய். வெளி ஏபிஐன்னா (வேற கம்பெனியோட ஏஐயை உங்க ஆப்ல இருந்து கூப்பிடுறது) ஒவ்வொரு அழுத்தலுக்கும் உங்களுக்குச் செலவு, வாங்குறதோ நிலையான சந்தா. பத்துப் பேர் ராவும் பகலும் அழுத்தினா மீதி நூறு பேரோட காசு அங்க போயிடும். அதோட "எல்லாம் ஃபோனுக்குள்ளயே இருக்கும்"னு சொல்லித்தான் ஆள் சேர்த்திருக்கீங்க, இப்ப நோட்டை எடுத்து வேற சர்வருக்கு அனுப்புறேன்னா முதல்ல கிளம்புறது உங்க நல்ல யூசர்தான்.

#9 கட்டற்றவன்

சோர்ஸ் கோடை எல்லாரும் பாக்கிற மாதிரி திறந்து விட்டுடுங்க, பாதி பிரச்சனை தீரும். ஜோப்ளின்ங்கிற நோட்ஸ் ஆப் அப்படித்தான் ஓடுது, ஆப் ஓப்பன் சோர்ஸ், சிங்க் வேணும்னா உங்க டிராப்பாக்ஸ்லயோ வெப்டேவ் சர்வர்லயோ நீங்களே வச்சுக்கலாம், அதெல்லாம் தலைவலி வேண்டாம்னா அவங்க க்ளவுடுக்குக் காசு கட்டலாம். அப்சிடியன்னு இன்னொரு நோட்ஸ் ஆப், அது ஓப்பன் சோர்ஸ் இல்ல, ஆனா அதே வழிதான்: நோட் எல்லாம் உங்க மெஷின்ல சாதா மார்க்டவுன் (வெறும் எழுத்து) ஃபைல், ஆப் இலவசம், சிங்க்கும் பப்ளிஷ்ஷும் (நோட்டை வெப்சைட்டா போடுறது) காசுக்கு. யாரும் அவங்களைத் திட்டி நான் பெருசா பாக்கல, ஏன்னா கட்டாம இருக்கிறவன் எதையும் இழக்கல.

#10 ஒத்தையாள்

சோர்ஸைத் திறக்க ஆசைதான் அண்ணே, ஆனா என் கோடை யாராவது பாத்தா நான் ஊரை விட்டே போகணும். அது வேற இழைல பேசலாம். ஆனா "கட்டாதவன் எதையும் இழக்கல"ங்கிறது உறைக்குது.

#11 டிசைன்கோழி

டார்க் மோடை விக்காதீங்கப்பா ப்ளீஸ். எனக்கு வெள்ளை ஸ்க்ரீன் பாத்தா பத்தே நிமிஷத்துல தலைவலி ஆரம்பிக்கும், எனக்கு அது அழகு சமாச்சாரம் இல்ல. எழுத்தைப் பெருசு பண்றது, ஸ்க்ரீன் ரீடர், டார்க் மோட், இது எல்லாம் ஒரு ஜாதி, கண்ணு சரியில்லாதவங்க கிட்ட மட்டும் கூடுதலா வசூல் பண்ற மாதிரி ஆயிடும். பத்து விதமா கலர் தீம் போட்டு அதை வில்லுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. பின் லாக்கும் அப்படித்தான். ஒருத்தி டைரி மாதிரி எழுதுறா, வீட்ல யாரும் படிச்சிடக் கூடாதுன்னு பூட்டு போடுறா. அந்தப் பூட்டுக்கு வாடகையா?

ஃபோல்டர் லிமிட் பத்தி. மூணு ஃபோல்டர்ங்கிறது கேக்க நியாயமா இருக்கும், ஆனா அந்தச் சுவர் எப்ப கண்ணுக்குத் தெரியுது பாருங்க. புதுசா வேலைல சேர்றான், இல்ல குழந்தை பிறக்குது, "சரி இதுக்கு ஒரு ஃபோல்டர் போடுவோம்"னு உங்க ஆப்பை நம்பி வர்ற அந்த நிமிஷத்துலதான் முட்டுது. உங்களை அதிகமா நம்புறவன்தான் முதல்ல முட்டிக்கிறான். எப்பவாவது வர்றவனுக்கு அது தெரியவே தெரியாது.

#12 கடைசாத்தி

எல்லாரும் ஒரே பக்கம் பேசுறீங்க, மறுபக்கமும் ஒருத்தன் சொல்லணும்ல.

நானும் ஒரு டூடூ லிஸ்ட் ஆப் வச்சிருந்தேன். இங்க சொல்ற மாதிரி ரொம்ப நல்லவனா இருந்தேன், எதையும் பூட்டல, "பிடிச்சிருந்தா டிப் கொடுங்க"ன்னு ஒரு பட்டன் மட்டும் வச்சேன். முதல் வாரம் வந்துச்சு, அதுவும் பாதி ஃப்ரெண்ட்ஸ். அப்புறம் ஈ காக்கா இல்ல. கலர் தீம் போட்டு வித்தேன், அதுவும் ஏதோ உப்புக்குச் சப்பாணியா ஓடுச்சு. ரிவ்யூ எல்லாம் அஞ்சு ஸ்டார், "தெய்வமே", "லட்டு மாதிரி இருக்கு"ன்னு. அந்த ரிவ்யூவை வச்சு டொமைன் கூட ரென்யூ பண்ண முடியல. ரெண்டாவது வருஷம் புது ஓஎஸ் வந்தப்ப நோட்டிஃபிகேஷன் எல்லாம் உடைஞ்சுது, சரி பண்ண தெம்பு இல்ல, சாத்திட்டேன். அன்னிக்கு என் யூசருங்க இழந்தது ஒரு ஃபோல்டர் லிமிட்டை விட ரொம்ப ஜாஸ்தி.

அதனால ஒத்தையாளு, நல்ல பேருக்காக எல்லாத்தையும் இலவசமா விட்டுட்டு ஒண்ணுமில்லாததை விக்காதீங்க. மெயில்ல எதைக் கேட்டு அழுறாங்களோ அதை வில்லுங்க. உங்களுக்கு அது கைலயே இருக்கு, சிங்க். எனக்கு அந்த மெயிலே வரல, அதுதான் வித்தியாசம்.

#13 சர்வர்குரங்கு

சிங்க் பத்தி நான் கொஞ்சம் பேசலாமா, வேலையே அதான்.

முதல்ல பில்லைப் பாத்துப் பயப்படாதீங்க. வெறும் எழுத்து ஒண்ணுமே இல்ல, ஒரு நோட் சில கிலோபைட். ஆளையே சாப்பிடுறது அட்டாச்மெண்ட், போட்டோவும் வாய்ஸும். அதுக்கு ஆரம்பத்துலயே ஒரு அளவு வச்சிடுங்க, அப்புறமா வச்சா அதுவும் "பிடுங்கிட்டான்" கணக்குல போகும்.

ரெண்டாவது, ஐஃபோனுக்கும் ஐபேடுக்கும் நடுவுல மட்டும்னா உங்களுக்கு சர்வரே வேண்டாம். ஆப்பிளோட க்ளவுட்கிட்ல ப்ரைவேட் டேட்டாபேஸ்னு இருக்கு, அதுல போடுறது யூசரோட ஐக்ளவுட் இடத்துலதான் கணக்காகும். ஆண்ட்ராய்டுல கூகுள் டிரைவ்ல ஆப்புக்குன்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டர் கிடைக்கும், அதுவும் யூசரோட இடம். ஆக "ஃபோன் தொலைஞ்சா நோட் திரும்பி வரணும்"ங்கிற பேக்கப்பை உங்களால செலவே இல்லாம இலவசமா கொடுக்க முடியும், கொடுக்கணும்னு நான் சொல்வேன். ஃபோன் உடைஞ்சவன்கிட்ட காசு கேக்கிறது நல்லா இல்ல.

செலவு எங்கன்னா, ஆண்ட்ராய்டுல எழுதினது ஐஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் உடனே தெரியணும்ங்கிறப்ப. அங்கதான் உங்க சர்வர், உங்க லாகின், உங்க ராத்திரித் தூக்கம் எல்லாம் உள்ள வருது. அதுக்குக் காசு வாங்குங்க, தாராளமா வாங்குங்க.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டு ஃபோனையும் ஏரோப்ளேன் மோட்ல போட்டு, ஒரே செக்லிஸ்ட்ல ஒண்ணுல "முட்டை"யை டிக் பண்ணுங்க, இன்னொண்ணுல "சோப்பு"ன்னு புதுசா சேருங்க, ரெண்டையும் நெட்ல விடுங்க. "கடைசியா எழுதினவன் ஜெயிப்பான்"ங்கிற மாதிரி முழு நோட்டையும் மேல எழுதினீங்கன்னா ஒண்ணு காணாம போகும். ஒவ்வொரு வரியையும் தனி ஐட்டமா சிங்க் பண்ணுங்க, முடியலைன்னா ரெண்டு காப்பியையும் வச்சு "இதுல எது வேணும்"னு கேளுங்க, அசிங்கமா இருந்தாலும் பரவால்ல. இலவச ஆப்ல நோட் போனா "அடடா"ம்பாங்க. காசு வாங்கிட்டு நோட் போச்சுன்னா உங்களைத் திருடன்னு சொல்லுவாங்க.

#14 ஒத்தையாள்

டெஸ்ட் பண்ணிட்டேன் குரங்கண்ணே. சோப்பு இருக்கு. முட்டை டிக் போச்சு. ரெண்டு வாரம் தள்ளிப் போடுறேன்.

#15 மௌனவாசகி

வணக்கம், இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இதுதான் முதல் பதிவு. நான் நீங்க சொல்ற ஆப்பை யூஸ் பண்றேன்னு நினைக்கிறேன் (பச்சைக் கலர் ஐக்கான்தானே?). காசு கட்ட நான் ரெடி. ஆனா ஒரு விஷயம் சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க, தேடுறது தமிழ்ல சரியா வேலை செய்யல. "பால்"னு தேடினா பல் டாக்டர் நம்பர் வருது, கரண்ட் பில் வருது, குழந்தைக்கு எழுதி வச்ச புலிப் பாட்டு வருது, கடைசியா பால் வருது. இங்கிலீஷ்ல தேடினா சரியா வருது. நான் ஃபோன்ல ஏதோ தப்புன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

#16 சர்வர்குரங்கு

ஹாஹா, ஒத்தையாள், தேடலுக்கு எஸ்கியூலைட் டேட்டாபேஸோட எஃப்டிஎஸ்5 தானே போட்டிருக்கீங்க? எழுத்தை வார்த்தையா வெட்டுற டோக்கனைசர் எதையும் மாத்தாம, கூட வர்ற யூனிகோட்61 அப்படியே?

#17 ஒத்தையாள்

அப்படியேதான். ஏன்?

#18 சர்வர்குரங்கு

அது டீஃபால்ட்டா எழுத்து, எண் வகையை மட்டும்தான் வார்த்தைக்குள்ள சேர்த்துக்கும். நம்ம துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோட்ல எழுத்து வகை கிடையாது, "குறி" வகை. அதனால அதுக்கு அது இடைவெளி மாதிரி. "பால்"ங்கிறதை "ப", "ல"ன்னு ரெண்டா வெட்டிடும். பல்லும் ப ல, பில்லும் ப ல, புலியும் ப ல. அந்தம்மா சொன்ன லிஸ்ட் அப்படியே.

டேபிள் பண்றப்ப கேட்டகரீஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல அந்தக் குறிகளோட எம்என், எம்சி ரெண்டு வகையையும் சேருங்க, இண்டெக்ஸைப் புதுசா கட்டுங்க. அப்படியே உள்ள போறதையும் தேடுறதையும் என்எஃப்சிக்கு (யூனிகோட்ல ஒரே எழுத்தை ஒரே மாதிரி சேமிக்கிற முறை) மாத்திடுங்க, ஏன்னா "கொ"வை சில இடத்துல ஒரே குறியாவும் சில இடத்துல ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னும் சேமிச்சிருப்பாங்க. கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு.

#19 ஒத்தையாள்

மூணு வருஷம். மூணு வருஷமா என் ஆப்ல பால் தேடினவங்களுக்கு எல்லாம் கரண்ட் பில்லைக் காட்டியிருக்கேன். சரி பண்ணிட்டேன், இப்பதான் ஃபோன்ல போட்டுப் பாத்தேன், பால் தேடினா பால் வருது. இதை அடுத்த வாரமே இலவசமா விடுறேன். மௌனவாசகி அக்கா, ரொம்ப ரொம்ப நன்றி, ஆமா அந்தப் பச்சை ஐக்கான்தான்.

#20 டிசைன்கோழி

இதையும் ஒரு வரி நோட் பண்ணிக்கோங்க, "மேம்பட்ட தேடல்"னு பேர் வச்சு இந்த ஃபிக்ஸை சந்தால போடணும்னு யாராவது சொன்னா அவங்களை ப்ளாக் பண்ணிடுங்க.

#21 பேனாமூடி

மாசச் சந்தா எதுக்கு? ஒரு தடவை காசு, ஆயுசுக்கும் ஆப், அப்படி வைக்கலாம்ல. திங்ஸ் 3ங்கிற டூடூ ஆப் அப்படித்தானே விக்கிறாங்க, 2017ல வந்தது, ஒரு தடவை வாங்கினா போதும், சிங்க் கூட அதுக்குள்ளயே.

#22 பில்லிங்_பூதம்

விக்கிறாங்க, ஆனா ஐஃபோனுக்கு ஒண்ணு, ஐபேடுக்கு ஒண்ணு, மேக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வாங்கணும், விலையும் சும்மா இல்ல. பல வருஷம் பேர் எடுத்த கம்பெனி. தனி ஆளு சர்வர் வச்சுட்டு லைஃப்டைம் வித்தா, அது வருமானம் மாதிரி தெரியும், உண்மைல கடன். இன்னிக்கு வாங்கினவனுக்கு பத்து வருஷம் கழிச்சும் சர்வர் ஓடணும், அந்தக் காசு முதல் வருஷமே செலவாயிருக்கும். யுலிஸிஸ்ங்கிற எழுதுற ஆப் மாதிரி ஆளுங்களே 2017ல சந்தாவுக்குத்தான் போனாங்க.

என் கணக்கு இது: மாசாமாசம் உங்களுக்குச் செலவு வைக்கிறது எதுவோ அதுக்குச் சந்தா. ஒரு தடவை உழைச்சு முடிஞ்சதுக்கு (தீம், விட்ஜெட்) ஒரு தடவை காசு. மாசச் சந்தா வேண்டாம்னு தோணுது, வருஷச் சந்தா மட்டும் வைங்க, மாசாமாசம் வங்கி மெசேஜ் வர்றப்ப எல்லாம் "இது தேவையா"ன்னு ஒரு யோசனை வரும்.

கடை கமிஷனும் சொல்லிடுறேன். 30 சதவீதம்னு நினைச்சுக் கணக்குப் போட்டிருந்தா திருத்திக்கோங்க. ஆப்பிள்ல சின்ன டெவலப்பருங்களுக்குன்னு ஒரு திட்டம் 2021 ஜனவரில இருந்து இருக்கு, வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்குக் கீழ வருமானம்னா 15 தான். ஆனா அது தானா வராது, நீங்களா போய்ச் சேரணும். நான் அதைப் படிக்காம எட்டு மாசம் ரெட்டிப்பா அழுதேன்.

#23 ஒத்தையாள்

ஐயோ இது எனக்குத் தெரியவே தெரியாது. சேர்ந்துட்டு வர்றேன்.

அப்ப முடிவு பண்ணிட்டேன், பழசு எதையும் பூட்டல. ஒரு சந்தேகம், விட்ஜெட் இப்ப இலவசமா ஒண்ணு இருக்கு, அதைப் பெருசாக்கிப் புது செட்டா விக்கணும்னா, பழைய ஆளுங்களுக்கு மட்டும் அதை ஃப்ரீயா விட முடியுமா? லாகின் இல்லாம யார் பழைய ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

#24 பில்லிங்_பூதம்

ஐஃபோன்ல சுலபம். ஆப்பிளோட ஸ்டோர்கிட் 2ல (ஆப்புக்குள்ள காசு வாங்குற கருவி) ஆப் டிரான்ஸாக்ஷன்னு ஒண்ணு இருக்கு, இந்த ஆளு முதல் முதல்ல எந்த வெர்ஷனை டவுன்லோட் பண்ணாருன்னு ஆப்பிளே சொல்லும், ஃபோன் மாத்தினாலும் அதே பதில்தான். ரெண்டு குழி இருக்கு. ஒண்ணு, அது வர்றது பில்ட் நம்பர் (ஒவ்வொரு தடவை ஆப்பை ஏத்துறப்ப போடுற உள் நம்பர்), நீங்க ஸ்டோர்ல காட்டுற வெர்ஷன் நம்பர் இல்ல. ரெண்டு, சாண்ட்பாக்ஸ்ல (ஆப்பிளோட டெஸ்ட் சூழல்) எப்பவும் 1.0ன்னுதான் வரும். அதனால டெஸ்ட் பண்றப்ப நீங்க எப்பவுமே பழைய ஆளாத்தான் இருப்பீங்க, "ஆஹா சூப்பரா ஓடுது"ன்னு ரிலீஸ் பண்ணிடாதீங்க, புது ஆளுக்கு என்ன தெரியும்னு தனியா பொய்யா ஒரு நம்பர் கொடுத்துப் பாருங்க.

ஆண்ட்ராய்டுல அப்படி ஒண்ணும் கிடையாது. இன்ஸ்டால் தேதி கிடைக்கும், ஆனா அழிச்சுட்டுத் திரும்பப் போட்டா அதுவும் புதுசாயிடும். இப்பவே, காசு வாங்குற வெர்ஷனுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, ஒரு சின்ன அப்டேட்ல "பழைய ஆள்"னு ஒரு அடையாளத்தைப் பேக்கப்புக்குள்ள எழுதி வச்சிடுங்க. அதுலயும் சிலர் தவறுவாங்க. மெயில் போட்டுக் கேட்டா கொடுத்துடுங்க, பொய் சொல்றவன் சொல்லிட்டுப் போறான்.

அப்புறம் கூகுளோட ப்ளே பில்லிங்ல, வாங்கினது வந்தவுடனே அக்னாலெட்ஜ் (கிடைச்சுதுன்னு கூகுளுக்குச் சொல்றது) பண்ணணும். மூணு நாளுக்குள்ள பண்ணலைன்னா கூகுள் தானா ரீஃபண்ட் பண்ணிடும், நீங்க "வித்துச்சே"ன்னு சந்தோஷமா இருக்கிறப்பவே காசு திரும்பிப் போயிட்டு இருக்கும். "வாங்கினதை மீட்டெடு" பட்டனை மறக்காதீங்க, ஆப்பிள் ரிவ்யூல அதுக்கே திருப்பி அனுப்புவாங்க.

#25 மாடரேட்டர்

இடைல ஒருத்தர் தன் சொந்த ஆப்போட லிங்கை மூணு தடவை போட்டிருந்தார், தூக்கியாச்சு. விவாதம் தொடரட்டும்.

#26 பேனாமூடி

சந்தா முடிஞ்சா என்ன ஆகும்னு யாருமே பேசல. கார்டு எக்ஸ்பைர் ஆச்சுன்னு வைங்க, ஆளு ஆஸ்பத்திரில இருக்காரு, மெயில் பாக்கல. நோட்டுக்கு என்ன கதி?

#27 ஒத்தையாள்

நானும் அதைத்தான் நேத்து ராத்திரி யோசிச்சேன். இப்படி வச்சுக்கிறேன்: சந்தா முடிஞ்சா சிங்க் நிக்கும், அவ்ளோதான். ஃபோன்ல இருக்கிற நோட் ஃபோன்லயே இருக்கும், எழுதலாம், திருத்தலாம், எக்ஸ்போர்ட் பண்ணலாம். சர்வர்ல இருக்கிற காப்பியை உடனே அழிக்க மாட்டேன், ஒரு வருஷம் வச்சிருந்து, நடுவுல மூணு மெயில் போட்டுட்டுத்தான் அழிப்பேன். வெறும் எழுத்துன்னா எனக்குப் பெரிய செலவில்லன்னு குரங்கண்ணே சொல்லிட்டாரு.

#28 பேனாமூடி

போதும். நான் முதல் ஆளா கட்டுறேன்.

#29 ஒத்தையாள்

திருத்தின ப்ளான், கிழிக்கிறவங்க கிழிக்கலாம்.

இன்னிக்கு இருக்கிறது எல்லாம் எல்லாருக்கும் இலவசமாவே இருக்கும், புதுசா வர்றவங்களுக்கும்தான், ஃபோல்டர் கணக்கு இல்ல. ஐக்ளவுட், டிரைவ் பேக்கப்பும் இலவசம். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் நடுவுல சிங்க், ஒரு மாசம் வரைக்கும் பழைய வெர்ஷனைத் திரும்ப எடுக்கிறது, போட்டோ இணைக்கிறது, இது மூணும் வருஷச் சந்தா. தீம், பெரிய விட்ஜெட் ஒரு தடவை காசு, ஆதரவாளர் பேக்னு பேரு, பழைய ஆளுங்களுக்கு விட்ஜெட் ஃப்ரீ. லைஃப்டைம் சிங்க் இல்ல, கேட்டாலும் இல்ல.

அப்டேட் பண்ணினதும் ஒரே ஒரு தடவை காட்டுற மெசேஜ் இது: "இனிய பயனரே, எங்கள் செயலியின் பயணத்தில் ஒரு புதிய அத்தியாயம் தொடங்குகிறது. உங்கள் உற்பத்தித்திறனை அடுத்த கட்டத்திற்கு எடுத்துச் செல்ல பிரீமியம் அனுபவம் இதோ."

#30 கடைசாத்தி

இதை எழுதினது யாரு, நீங்களா இல்ல உங்க ஆபீஸ் மார்க்கெட்டிங்கா? நான் உங்க யூசரா இருந்தா முதல் வரிலயே "சரி, ஏதோ பிடுங்கிட்டான்"னு முடிவு பண்ணிடுவேன்.

#31 டிசைன்கோழி

இந்தாங்க, நான் எழுதினது: "உங்க நோட்ஸ் எதுவும் மாறல, இதுவரைக்கும் இலவசமா இருந்தது எல்லாம் இலவசமாவே இருக்கு. புதுசா ஒண்ணு வந்திருக்கு: ரெண்டு மூணு டிவைஸ்ல ஒரே நோட்ஸ் பாக்கணும்னா சிங்க். அதுக்கு சர்வர் செலவு இருக்கு, அதனால வருஷத்துக்கு ஒரு தொகை. வேண்டாம்னா இதை மூடிடுங்க, திரும்பக் கேக்க மாட்டேன்." கீழ ரெண்டு பட்டன், ஒரே அளவு: "சிங்க் பத்திப் பாக்கறேன்", "வேண்டாம்". "இப்ப வேண்டாம்"னு போடாதீங்க, அது நாளைக்குத் திரும்ப வருவேன்னு மிரட்டுற மாதிரி. அஞ்சு செகண்ட் கழிச்சு முளைக்கிற எக்ஸ் எல்லாம் நினைச்சுக்கூடப் பாக்காதீங்க.

#32 ஒத்தையாள்

அப்படியே எடுத்துக்கிட்டேன் அக்கா, ஒரு எழுத்து மாத்தல. பீட்டா இப்ப ஏத்திட்டேன், இந்த இழைல இருக்கிறவங்களுக்கு அழைப்பு அனுப்பியிருக்கேன். செக்லிஸ்ட் டிக் போறதும் சரியாயிடுச்சு, வரி வரியா சிங்க் ஆகுது.

#33 மௌனவாசகி

போட்டுப் பாத்தேன். பால் வருது, கோ, கொ எல்லாம் சரியா வருது. கணவர் ஆண்ட்ராய்டு, நான் ஐஃபோன், ஒரே லிஸ்ட் ரெண்டு பேருக்கும் ஒரு நிமிஷத்துக்குள்ள வந்துடுச்சு. அந்த மெசேஜ்ல ஒரு சின்ன விஷயம், டார்க் மோட்ல "வேண்டாம்" பட்டன் கண்ணுக்கே தெரியல, கறுப்பு மேல கறுப்பா இருக்கு.

#34 டிசைன்கோழி

ஒத்தையாளு, வேணும்னே பண்ணீங்களா?

#35 ஒத்தையாள்

சத்தியமா இல்லக்கா. பத்து நிமிஷம் கொடுங்க, புது பில்ட் ஏத்துறேன்.